ஸ்கிரிவெல்ஸ்பி மேனர்: நிலத்தைப் பின்தொடர்ந்த ஒரு பட்டம்

1377-ஆம் ஆண்டு ஜூலை மாதம். ஐம்பது ஆண்டுகள் இங்கிலாந்தை ஆண்ட மூன்றாம் எட்வர்டு இறந்து ஒரு மாதம்கூட நிறைவடையவில்லை. கருப்பு இளவரசர் என்று அறியப்பட்ட அவருடைய மூத்த மகன் அதற்கு முந்தைய ஆண்டே இறந்துவிட்டதால், பத்து வயதுப் பேரன் இரண்டாம் ரிச்சர்டுக்கு முடிசூட்ட வெஸ்ட்மின்ஸ்டரில் ஏற்பாடுகள் நடந்துகொண்டிருந்தன. முடிசூட்டு நாளில் மன்னருக்கு முன்னால் வாளேந்திச் செல்வது யார், விருந்தில் அவர் கை கழுவ நீர் வார்ப்பது யார், வலக்கைக்குக் கையுறை அளிப்பது யார் என்பனவெல்லாம் தலைமுறை தலைமுறையாக வரும் உரிமைகள். அவற்றுக்குப் போட்டியும் உண்டு. அந்தப் போட்டிகளைத் தீர்த்துவைக்க, சிறுவனின் சித்தப்பாவான லங்காஸ்டர் டியூக் ஜான் ஆஃப் கான்ட் தலைமையில் உரிமைக் கோரிக்கை மன்றம் ஒன்று கூடியது.

அந்த மன்றத்தின் முன் சர் ஜான் டிமோக், சர் பால்ட்வின் ஃப்ரெவில் என்ற இரண்டு நைட்டுகள் ஒரே பணியைக் கேட்டு நின்றனர். முடிசூட்டு நாளில் முழுக் கவசம் பூண்டு குதிரைமேல் வந்து, இந்த மன்னரின் உரிமையை மறுப்பவர் எவரேனும் இருந்தால் என்னோடு போரிட வாருங்கள் என்று அறைகூவும் பணி அது. அரசரின் சேம்பியன் என்பது அதற்குப் பெயர். ஃப்ரெவில் டாம்வொர்த் கோட்டையைக் காட்டி உரிமை கேட்டார். டிமோக் தன் மனைவிக்கு வந்த ஸ்கிரிவெல்ஸ்பி மேனரை, அதாவது அந்த ஊரின் பண்ணை நில உரிமையைக் காட்டிக் கேட்டார். லிங்கன்ஷயர் மாவட்டத்தில் ஹார்ன்காஸில் என்ற சந்தை ஊருக்குத் தெற்கே சில கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் சிற்றூர் ஸ்கிரிவெல்ஸ்பி. அன்றும் சிற்றூர்தான், இன்றும் சிற்றூர்தான்.

ஒரு பட்டம் எதைத் தொடர்ந்து செல்கிறது, குருதியையா, நிலத்தையா? இந்த வழக்கின் உள்ளே இருந்த கேள்வி அதுதான். மேனர் பிரபுத்துவம் என்று இங்கிலாந்தில் வழங்கும் பட்டத்தின் இயல்பை விளக்க இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது என்பது என் கருத்து. ஆகவே இந்த ஒரு மேனரின் கதையை அதன் தொடக்கத்திலிருந்து பார்ப்போம்.

மேனரும் அதன் பிரபுவும்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். மேனர் பிரபு என்பவர் நாடாளுமன்றத்தின் பிரபுக்கள் சபையில் அமரும் பிரபு அல்லர். அவர் பெயருக்கு முன்னால் லார்டு என்ற சொல் வராது. மேனர் என்பது ஒரு நிலநிர்வாக அலகு. பிரபு நேரடியாக வைத்துக்கொண்ட பண்ணை நிலம், குடியானவர்கள் உழுத நிலம், எல்லாருக்கும் பொதுவான மேய்ச்சல் நிலம், இவற்றையெல்லாம் கட்டுக்குள் வைத்திருந்த ஒரு நீதிமன்றம், எல்லாம் சேர்ந்ததே மேனர். குடியானவர் இறந்து மகன் நிலத்துக்கு வரும்போது அந்த மேனர் மன்றத்தின் சுருளில் அது எழுதப்படும். அந்தப் பதிவின் நகல்தான் மகன் கையில் இருக்கும் பட்டா. காப்பிஹோல்டு என்ற நில உரிமைக்குப் பெயர் வந்ததே அந்த நகலினால்தான்.

குடியானவருக்கு மேலே பிரபு இருந்ததுபோல, பிரபுவுக்கு மேலே இன்னொருவர் இருந்தார். அந்த அடுக்கு மன்னரிடம் போய் முடியும். நிலம் எவருக்கும் சும்மா தரப்படவில்லை. ஏதோ ஒரு கடமைக்கு ஈடாகவே தரப்பட்டது. போர்க்காலத்தில் வீரர்களை அனுப்புவதற்காகத் தரப்பட்ட நிலங்கள் பல. குத்தகைப் பணத்துக்காகத் தரப்பட்டவை அதைவிடப் பல. இவற்றைத் தவிர, மன்னருக்குத் தன் கையாலேயே செய்ய வேண்டிய மதிப்புமிக்க ஒரு பணிக்காக விடப்பட்ட நிலங்களும் இருந்தன. அவற்றின் முறைக்கு கிராண்ட் சார்ஜன்டி என்று பெயர். நம் பழைய வருவாய்ப் பதிவேடுகளைப் புரட்டியவர்களுக்கு ஊழிய மானியம் என்ற சொல் நினைவுக்கு வரும். ஒரு பணிக்காக நிலம், அந்தப் பணி நடக்கும்வரை நிலம் என்ற அடிப்படை ஏறத்தாழ ஒன்றே. 15-ஆம் நூற்றாண்டின் சட்ட அறிஞர் தாமஸ் லிட்டில்டன் மன்னரின் கொடியைச் சுமப்பது, ஈட்டியைச் சுமப்பது, முடிசூட்டு நாளில் வாளேந்துவது போன்ற பணிகளை இதற்கு எடுத்துக்காட்டுகளாக எழுதிவைத்தார்.

இந்த முறையில் ஒரு சிக்கல் உண்டு. குத்தகைப் பணத்தை நான்கு பேர் பங்கிட்டுக் கட்டலாம். கவசம் பூண்டு குதிரைமேல் ஏறும் பணியை நான்கு பேர் பங்கிட முடியாது. இதனால்தான் சார்ஜன்டி நிலங்களைத் துண்டாடுவதை அரசு விரும்பவில்லை. அவ்வாறு சிதறிப்போனவற்றை 1240-களில் அரசு அதிகாரிகள் ஊர் ஊராக விசாரித்து, பணிக்குப் பதிலாகப் பணம் கட்டும் நிலங்களாக மாற்றினார்கள். பிரிக்க முடியாத பணியைச் சுமந்த நிலம் வாரிசுகளுக்குள் பிரியும்போது பணி எந்தத் துண்டோடு போகிறது என்ற கேள்வி எழாமல் இருக்காது. ஸ்கிரிவெல்ஸ்பிக்கு நேர்ந்தது அதுதான்.

மார்மியன் குடும்பம்: கதையும் பதிவும்

காலங்காலமாகச் சொல்லப்பட்டு வரும் வரலாறு இப்படிப் போகும். நார்மண்டியின் டியூக்குகளுக்குச் சேம்பியனாக இருந்தவர்கள் மார்மியன் குடும்பத்தார். 1066-இல் வில்லியம் இங்கிலாந்தை வென்றபோது அவர்களில் ஒருவரை உடன் அழைத்து வந்தார். டாம்வொர்த் கோட்டையையும் ஸ்கிரிவெல்ஸ்பியையும் அந்தப் பணிக்காகவே அவருக்குக் கொடுத்தார். அழகான கதை. ஆனால் 1086-இல் தொகுக்கப்பட்ட டூம்ஸ்டே நிலப்பதிவைப் பார்த்தால் அன்று ஸ்கிரிவெல்ஸ்பியை வைத்திருந்தவர் ராபர்ட் டிஸ்பென்சர் என்ற வேறொருவர். அவருடைய நிலங்கள் பின்னர் பிரிந்து, ஒரு பகுதி மார்மியன்களிடம் வந்தது. ஆகவே, வென்ற மன்னரின் கையிலிருந்து நேரே மார்மியன் கைக்கு வந்த நிலம் இது என்ற கூற்றைப் பதிவு தாங்கவில்லை. ஒரு குடும்பம் தன் உரிமையின் தொடக்கத்தை எட்டிய அளவுக்குப் பின்னோக்கித் தள்ளிவைப்பது எங்கும் நடப்பதே. அதற்காக அந்த உரிமை பொய்யாகிவிடாது. ஆனால் எந்த இடத்திலிருந்து அது உறுதியான தரையில் நிற்கிறது என்பதை ஆய்வு செய்பவர் குறித்துக்கொள்ள வேண்டும்.

1290-களின் தொடக்கத்தில் ஃபிலிப் மார்மியன் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். சொத்து பெண்மக்களின் வழியே பிரிந்தது. முதல் மனைவியின் மக்கள் வழியில் டாம்வொர்த் கோட்டை சென்று, இறுதியில் ஃப்ரெவில் குடும்பத்தைச் சேர்ந்தது. இரண்டாம் மனைவிக்குப் பிறந்த கடைசி மகள் ஜோனுக்கு ஸ்கிரிவெல்ஸ்பி கிடைத்தது. ஜோன் தாமஸ் லட்லோ என்பவரை மணந்தார்; அவர்களுடைய பேத்தி மார்கரெட்டை மணந்தவர்தான் ஜான் டிமோக். குருதி முறையில் பார்த்தால் ஃப்ரெவில் மூத்த தாரத்தின் வழி, டிமோக்கின் மனைவி இளைய தாரத்தின் கடைசி மகள் வழி. கோட்டையின் கம்பீரத்தைப் பார்த்தாலும் டாம்வொர்த்தின் முன் ஸ்கிரிவெல்ஸ்பி ஒன்றுமே இல்லை.

மன்றத்தின் தீர்ப்பு

இருந்தும் டிமோக் வென்றார். அந்த மன்றத்தின் நடவடிக்கைக் குறிப்பு தப்பிப் பிழைத்திருப்பதால் காரணங்களை நாம் படிக்க முடிகிறது. டிமோக் தன் பக்கம் கூடுதலான, மேலான ஆவணங்களை முன்வைத்தார். அத்துடன் பிரபுக்களும் பெரியோரும் பலர் மன்றத்துக்கு வந்து, இறந்துபோன மன்னர் எட்வர்டும் அவர் மகன் கருப்பு இளவரசரும் உயிரோடிருந்த நாளில் ஸ்கிரிவெல்ஸ்பி மேனருக்காக இந்தப் பணியைச் செய்ய வேண்டியவர் ஜான் டிமோக்தான் என்று அடிக்கடி சொல்லக் கேட்டிருக்கிறோம் என்று சாட்சி கூறினர். மன்றம் டிமோக்கை அந்த முறைக்குப் பணிசெய்ய அனுமதித்தது. ஃப்ரெவிலின் வாயை அடியோடு அடைத்துவிடவும் இல்லை. தன் உரிமைக்கு மேலும் சான்று இருந்தால் அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் காட்டலாம் என்று தவணை கொடுத்தது.

இந்தத் தீர்ப்பில் இரண்டு செய்திகளை நான் முக்கியமாகக் கருதுகிறேன். முதலாவது, சாட்சிகள் எந்தச் சொல்லைப் பயன்படுத்தினார்கள் என்பது. டிமோக் என்ற மனிதரின் வீரத்தையோ மார்மியன் குருதியையோ அவர்கள் பேசவில்லை, மேனருக்காக என்றார்கள். பணியின் வேர் அந்த நிலத்தில் இருப்பதாகவே வழக்கு நடத்தப்பட்டது. இரண்டாவது, ஏட்டுச் சான்றோடு வாய்மொழிச் சான்றும் ஒரே தட்டில் வைக்கப்பட்டது. மன்னர் இப்படிச் சொல்லக் கேட்டோம் என்ற நினைவு அன்றைய சட்டத்தில் எடையுள்ள சான்று. மேனர் மன்றங்களே ஊர்ப் பெரியவர்களின் நினைவை வைத்துத்தான் வழக்கத்தை நிறுவின. உச்சியில் இருந்த மன்றமும் அதே வழியில் சென்றதில் வியப்பில்லை.

ஜூலை 16-ஆம் நாள் முடிசூட்டு விழா நடந்தது. வென்றவருக்குப் பொறுமை இல்லை. தாமஸ் வால்சிங்கம் என்ற துறவி எழுதிய நாளாகமத்தில் அந்தக் காட்சி இருக்கிறது: டிமோக் கவசம் பூண்டு, மன்னரின் லாயத்தில் இரண்டாவது சிறந்த குதிரையில் ஏறி, ஈட்டியும் கேடயமும் ஏந்திய ஆட்கள் முன்னால் செல்ல, வழிபாடு முடியும் முன்பே வெஸ்ட்மின்ஸ்டர் ஆலய வாசலுக்கு வந்து நின்றுவிட்டார். அரச மார்ஷல் அவரிடம் வந்து, இது வர வேண்டிய நேரம் இல்லை, மன்னர் விருந்துக்கு அமரும்போது வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார். அறைகூவல் அன்றுமுதல் விருந்து மண்டபத்துக்கு உரியதாக நிலைத்தது. பிற்காலத்தில் இதன் விளைவு பெரிது.

நிலம் தாங்கிய சோதனைகள்

1377-இன் தீர்ப்பு ஒரு முறைக்கான அனுமதி மட்டுமே. அது வழக்கமாக இறுகியது அடுத்தடுத்த நெருக்கடிகளில்தான். ஜான் டிமோக் 1381-இல் இறந்தார். 1399-இல் நான்காம் ஹென்றி தன் ஒன்றுவிட்ட சகோதரர் ரிச்சர்டை அகற்றிவிட்டு முடிசூடியபோது, ஃப்ரெவிலின் மகன் மீண்டும் உரிமை கேட்டார், மீண்டும் தோற்றார். நிலம் மார்கரெட்டின் பெயரில் இருந்ததால், அவர் மகன் தாமஸ் டிமோக் தாயின் உரிமையில் பணியைச் செய்தார். ஒரு பெண்ணின் கையில் இருந்த நிலம் ஓர் ஆண் செய்ய வேண்டிய போர்ப்பணியைத் தாங்கியது என்பதைக் கவனிக்க வேண்டும். அன்று விருந்தில் அறைகூவல் முழங்கியதும், தேவைப்பட்டால் அந்தப் பொறுப்பிலிருந்து நானே உம்மை விடுவிப்பேன் என்ற பொருள்பட ஹென்றி சொன்னதாக ஆடம் ஆஃப் அஸ்க் என்ற நாளாகம ஆசிரியர் எழுதியிருக்கிறார். பிறர் மகுடத்தைப் பறித்துக்கொண்டவருக்கு அந்த அறைகூவல் வெறும் சடங்காகத் தோன்றியிருக்காது.

அடுத்த நூற்றாண்டில் உள்நாட்டுப் போர்கள் வந்தன. 1470 மார்ச்சில், லிங்கன்ஷயர் கிளர்ச்சியை ஒட்டி, நான்காம் எட்வர்டின் ஆணைப்படி சர் தாமஸ் டிமோக்கின் தலை வெட்டப்பட்டது. ஆனாலும் நிலமும் பணியும் அவர் மகன் ராபர்ட்டிடம் வந்து சேர்ந்தன. 1483-இல் அந்த எட்வர்டின் தம்பி மூன்றாம் ரிச்சர்டுக்காக ராபர்ட் டிமோக் அறைகூவலின் அடையாளமாகத் தன் கையுறையை வீசி, இவர் உரிமையை மறுப்பவன் பொய்யன் என்றார். இரண்டே ஆண்டுகளில் பாஸ்வொர்த் களத்தில் ரிச்சர்டு கொல்லப்பட்டார். வென்ற ஏழாம் ஹென்றிக்காக 1485-இல் கையுறையை வீசியவரும் அதே ராபர்ட் டிமோக்தான். 1509-இல் எட்டாம் ஹென்றிக்கும் அவரே. இதைக் கொள்கையற்ற செயல் என்று இன்றைய கண்ணால் எடைபோடுவது எளிது. ஆனால் அந்தப் பணி டிமோக்கின் மனச்சாய்வைக் கேட்டு நடந்ததில்லை. ஸ்கிரிவெல்ஸ்பியை வைத்திருப்பவர், யார் மகுடம் சூடுகிறாரோ அவருக்காக அறைகூவக் கடமைப்பட்டவர். மறுத்தால் நிலத்தின் நிபந்தனையையே மீறியவராவார்.

ராபர்ட்டின் கல்லறை ஸ்கிரிவெல்ஸ்பியின் புனித பெனடிக்ட் ஆலயத்தில் இருக்கிறது. கவசம் பூண்ட உருவம் பொறித்த பித்தளைத் தகடு, 1545 என்ற இறந்த ஆண்டு, கீழே எழுத்து. அந்த எழுத்தில் அவர் நைட்டும் பாரோனெட்டும் என்று குறிக்கப்பட்டிருக்கிறார். பாரோனெட் என்ற பட்டத்தை முதலாம் ஜேம்ஸ் உருவாக்கியது 1611-இல். தகட்டைப் பொறித்தவர் சொல்ல வந்தது, போர்க்களத்தில் தனிக்கொடி பிடிக்கும் உரிமை பெற்ற பானரெட் என்ற பழைய படிநிலை. அன்று இரண்டு சொற்களும் ஒன்றுபோல எழுதப்பட்டன. பட்டங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் ஒவ்வொரு சொல்லையும் அதன் காலத்தில் வைத்துப் படிக்க வேண்டியதன் தேவையை அந்தச் சிறு தகடு காட்டிவிடுகிறது.

அவருக்குப் பின் வந்த சர் எட்வர்டு டிமோக் மூன்று முடிசூட்டு விழாக்களில் பணி செய்தார்: 1547-இல் புராட்டஸ்டண்ட் ஆறாம் எட்வர்டுக்கு, 1553-இல் கத்தோலிக்க மேரிக்கு, 1559-இல் மீண்டும் புராட்டஸ்டண்ட் எலிசபெத்துக்கு. பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் நாட்டின் சமயம் இரண்டு முறை புரண்டது, சேம்பியன் மாறவில்லை. அடுத்த தலைமுறையில் ராபர்ட் டிமோக் கத்தோலிக்க நம்பிக்கையை விடாததற்காக 1580-இல் லிங்கன் சிறையில் உயிர்விட்டார். அதன் பின்னும் அவர் மகன் 1603-இல் முதலாம் ஜேம்ஸுக்காகக் கையுறையை வீசினார். தந்தை அரசின் சிறையில் இறந்திருந்தாலும் மகன் மன்னருக்காக அறைகூவ முடிந்தது. குருதியின் பெயரால் நின்ற பட்டமாக இருந்திருந்தால் கறை படிந்த ஒரு தலைமுறையோடு அது போயிருக்கக்கூடும். நிலத்தில் நின்றதால் தப்பியது என்றே நான் படிக்கிறேன்.

1660-இல் நாடாளுமன்றம் பழைய போர்ப்பணி நில உரிமைகளை ஒழித்தபோதும் இந்த நூல் அறுபடவில்லை. மைனர் வாரிசின் நிலத்தை மன்னர் எடுத்து வைத்துக்கொள்வது, அவர் திருமணத்தை விற்பது போன்ற சுமைகள் எல்லாம் அந்தச் சட்டத்தோடு போயின. கிராண்ட் சார்ஜன்டியின் மதிப்புப் பணிகள் மட்டும் பெயர் சொல்லிக் காப்பாற்றப்பட்டன. அடுத்த ஆண்டே இரண்டாம் சார்லஸின் விருந்தில் ஒரு டிமோக் குதிரையில் வந்தார்.

கடைசி அறைகூவல்

1821 ஜூலை 19, நான்காம் ஜார்ஜின் முடிசூட்டு விழா. ஏறத்தாழ 2,40,000 பவுண்டு செலவான, இங்கிலாந்து அதுவரை கண்டிராத ஆடம்பரம். அப்போது ஸ்கிரிவெல்ஸ்பியை வைத்திருந்தவர் ஜான் டிமோக், ஆனால் அவர் ஒரு பாதிரியார். மதகுரு ஒருவர் வாளெடுத்துப் போருக்கு அழைப்பது பொருந்தாது என்பதால், அவருடைய 20 வயது மகன் ஹென்றி பதிலாளாக அனுமதிக்கப்பட்டார். குதிரை ஆஸ்ட்லி சர்க்கஸிலிருந்து இரவல் வந்தது. வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் ஆயிரக்கணக்கான விளக்குகள், எக்காளங்கள், கூச்சல். இவற்றுக்கு நடுவே மிரளாமல் நிற்க, கூட்டத்துக்குப் பழகிய ஒரு குதிரை தேவைப்பட்டதை எளிதில் ஊகிக்கலாம்.

முதல் சுற்று உணவு முடிந்ததும் எக்காளம் ஒலித்தது. ஒரு பக்கம் வாட்டர்லூவை வென்ற வெலிங்டன் டியூக், மறுபக்கம் ஏர்ல் மார்ஷலின் பிரதிநிதி, இருவரும் குதிரைமேல். நடுவில் முழுக் கவசத்தில் ஹென்றி டிமோக். கட்டியக்காரர் அறைகூவலைப் படித்தார்: உயர்ந்தவரோ தாழ்ந்தவரோ, எந்நிலையில் உள்ள எவரும் நம் மன்னரின் உரிமையை மறுத்தால், அவர் பொய்யர், துரோகி, அதை மெய்ப்பிக்க இதோ இவர் நேரில் நிற்கிறார். இரும்புக் கையுறை தரையில் விழுந்தது. சிறிது நேரம் அது அங்கேயே கிடந்தது. எவரும் எடுக்காததால் கட்டியக்காரர் எடுத்து அவரிடமே கொடுத்தார். வாசலில் ஒரு முறை, மண்டபத்தின் நடுவில் ஒரு முறை, அரியணைப் படியருகில் ஒரு முறை. பின் மன்னர் பொற்கிண்ணத்தில் அவருக்காகக் குடித்துக் கிண்ணத்தை அனுப்பினார். டிமோக் மன்னரை வாழ்த்திக் குடித்து, கிண்ணத்தைத் தனக்குரிய ஊதியமாக வைத்துக்கொண்டு, மன்னருக்கு முதுகு காட்டாமல் குதிரையைப் பின்னோக்கி நடத்தியே வெளியேறினார்.

இந்தக் காட்சியில் பலர் கவனிக்காத ஒரு செய்தி உண்டு. போரிட்டு வழக்கைத் தீர்க்கும் பழைய முறை, 1818-இல் ஒரு கொலை வழக்கில் எதிர்பாராமல் மீண்டும் தலைகாட்டியதால், 1819-இல் சட்டம் போட்டு முற்றாக ஒழிக்கப்பட்டிருந்தது. அறைகூவலின் சட்டப் பின்புலம் இரண்டாண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்டது. யாரேனும் அன்று கையுறையை எடுத்திருந்தால் அந்தப் போருக்கு நாட்டின் எந்தச் சட்டத்திலும் இடம் இருந்திருக்காது.

1831-இல் நான்காம் வில்லியம் செலவைக் குறைக்க முடிவு செய்தபோது விருந்தே நீக்கப்பட்டது. 1377-இல் மார்ஷல் டிமோக்கை ஆலய வாசலிலிருந்து விருந்துக்குத் திருப்பி அனுப்பியது இங்கேதான் வந்து கடித்தது. அறைகூவல் விருந்தோடு கட்டப்பட்டிருந்ததால் விருந்து போனதும் அதுவும் போயிற்று. விக்டோரியாவின் காலத்திலும் விருந்து இல்லை. 1841-இல் ஹென்றி டிமோக்குக்கு பாரோனெட் பட்டம் தரப்பட்டது. அவருடைய முன்னோரின் கல்லறையில் மூன்று நூற்றாண்டுகளாகப் பிழையாக இருந்த சொல் இவருக்கு உண்மையாகவே கிடைத்தது.

நிலத்தால் முடியாதது

நிலம் பட்டத்தைச் சுமக்கும் என்றால் எவ்வளவு தூரம்? இதற்கும் இதே மேனர் விடை தருகிறது. 1814-இல் அன்றைய உரிமையாளர் லூயிஸ் டிமோக், ஸ்கிரிவெல்ஸ்பியை வைத்திருப்பதால் மார்மியன் பாரன் பட்டமும் தனக்கே உரியது என்று பிரபுக்கள் சபையில் உரிமை கோரினார். பணி நிலத்தோடு வந்தால் பிரபுத்துவமும் ஏன் வரக்கூடாது என்ற வாதம் மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமாகவே தோன்றும். முடிவு தெரியும் முன்பே 1820-இல் அவர் இறந்தார். ஆனால் 1861-இல் பெர்க்லி வழக்கில், ஒரு கோட்டையையோ மேனரையோ வைத்திருப்பதனால் மட்டும் ஒருவர் நாடாளுமன்றப் பிரபு ஆக முடியாது என்று பிரபுக்கள் சபை தீர்த்துச் சொன்னது. அந்த முடிவு சரியானது என்றே நினைக்கிறேன். நிலம் விலைக்குக் கைமாறும். அதனோடு சட்டமியற்றும் உரிமையும் கைமாற விட்டால் நாடாளுமன்றத்தின் இருக்கை விற்பனைப் பொருளாகிவிடும்.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு மேனரும் இருக்கிறது. 1377-இன் அதே மன்றத்தில், மன்னரின் வலக்கைக்குக் கையுறை அளிக்கும் பணி பக்கிங்காம்ஷயரின் ஃபார்னம் மேனருக்கு உரியதாக வில்லியம் ஃபர்னிவலுக்கு ஒப்புக்கொள்ளப்பட்டது. 1541-இல் எட்டாம் ஹென்றி ஃபார்னத்தைத் தனக்கு எடுத்துக்கொண்டு, ஷ்ரூஸ்பரி ஏர்லுக்கு நாட்டிங்காம்ஷயரில் உள்ள வொர்க்ஸாப் மேனரைக் கொடுத்தபோது, கையுறைப் பணியும் வொர்க்ஸாப்புக்கு மாற்றப்பட்டது. 1953-இல் அந்த மேனர் ஒரு நிறுவனத்தின் பெயரில் இருந்தது. கையுறையை நேரில் அளிக்க நிறுவனத்துக்குக் கையேது? கோரிக்கையை மன்றம் ஏற்கவில்லை. இரண்டாம் எலிசபெத்துக்குக் கையுறை அளிக்கும் பணி வேறொருவருக்குப் போனது. நிலம் இருந்தால் மட்டும் போதாது, நிலத்தின் மேல் ஒரு மனிதர் நிற்க வேண்டும் என்ற எல்லை அந்த முடிவில் தெரிந்தது.

சட்டம் பிரித்த பின்

இங்கிலாந்தின் நிலச்சட்டம் 1922-இல் தொடங்கிய சீர்திருத்தத்தால் அடியோடு மாறியது. 1926 ஜனவரி 1 முதல் காப்பிஹோல்டு ஒழிந்தது. குடியானவர்களின் நிலம் அவர்களுக்கே முழு உரிமையாயிற்று. மேனர் பிரபுவிடம் எஞ்சியவை பெயரும், சில இடங்களில் கனிமம், வேட்டை, சந்தை போன்ற உரிமைகளும், பழைய மன்றச் சுருள்களும்தான். இந்தச் சட்டமும் சார்ஜன்டிப் பணிகளைத் தனியே எடுத்துக் காப்பாற்றியது. ஆனால் ஒரு பெரிய மாற்றம் நேர்ந்துவிட்டது. நிலத்தின் ஒரு பிடி மண்கூட இல்லாமல், பிரபு என்ற பெயரை மட்டும் தனிச் சொத்தாக வைத்திருக்கவும் விற்கவும் முடிந்தது. 1996-இல் விம்பிள்டன் மேனரின் பிரபு என்ற பெயர் ஏலத்தில் 1,71,000 பவுண்டுக்குப் போனது. 2002-ஆம் ஆண்டு நிலப்பதிவுச் சட்டத்தின்படி, 2003 அக்டோபர் 13-க்குப் பிறகு இந்தப் பெயர்களை அரசின் நிலப்பதிவேட்டில் புதிதாகச் சேர்க்க முடியாது. பிறருடைய நிலத்தின் மேல் உள்ள பழைய மேனர் உரிமைகளைக் காப்பாற்றப் பதிவு செய்துகொள்ளும்படி மேலும் பத்தாண்டு அவகாசம் தரப்பட்டது.

இப்படிப் பிரிந்துபோன பெயர்களை வாங்குபவர்களிடம் எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான்: நீங்கள் வாங்குவது பட்டத்தின் மேல்தோல். ஒரு கடமைக்கு ஈடாக ஒரு நிலம், அந்த நிலத்தைச் சார்ந்து வாழ்ந்த மக்கள், அவர்கள் வழக்கத்தை எழுதிவைத்த ஒரு மன்றம், இவை அகன்ற பிறகு மிஞ்சியது அந்தப் பெயர். ஸ்கிரிவெல்ஸ்பியின் தனித்தன்மை, பெயரும் நிலமும் பணியும் இன்னும் ஓரிடத்திலேயே இருப்பதுதான்.

அந்தப் பணியும் முற்றாக நின்றுவிடவில்லை. 1870-களில் மூத்த வழி அற்றுப்போய்க் கிளைக் குடும்பம் ஒன்று முன்னுக்கு வந்தது. 1902-இல் ஏழாம் எட்வர்டு முடிசூடியபோது, விருந்து இல்லாத குறைக்கு ஈடாக, இங்கிலாந்தின் கொடியை ஆலயத்துக்குள் ஏந்திச் செல்லும் பணி ஸ்கிரிவெல்ஸ்பியின் டிமோக்குக்குத் தரப்பட்டது. 1953-இல் கேப்டன் ஜான் டிமோக் ஒன்றிய நாட்டுக் கொடியை ஏந்தினார். அந்தப் பத்தாண்டிலேயே ஸ்கிரிவெல்ஸ்பியின் பெரிய மாளிகை இடிக்கப்பட்டது. பராமரிக்க முடியாத எத்தனையோ பண்ணை மாளிகைகளுக்கு அன்று நேர்ந்த கதி அது. அதன் நுழைவாயில் கட்டடம் குடும்பத்தின் வீடாயிற்று. பூங்காவின் எல்லையில் கல் சிங்கம் ஏறி நிற்கும் வளைவு வாயில் இன்னும் இருக்கிறது. மன்னருக்காகப் போரிடுகிறேன் என்று பொருள்படும் 'ப்ரோ ரேஜே டிமிகோ' என்பது குடும்பத்தின் இலத்தீன் முழக்கம். டிமிகோ என்ற வினைச்சொல்லில் டிமோக் என்ற பெயர் ஒலிக்கும்படி எவரோ ஒரு முன்னோர் தேர்ந்தெடுத்தது.

2023 மே 6-ஆம் நாள் மூன்றாம் சார்லஸின் முடிசூட்டு விழாவுக்குப் பழைய மன்றம் கூடவில்லை. அமைச்சரவை அலுவலகத்தில் அமைக்கப்பட்ட ஒரு பிரிவு கோரிக்கைகளைப் பெற்றுப் பரிசீலித்தது. குடும்பத்தின் இன்றைய தலைவரும் விண்ணப்பித்தார். அரச கொடியை ஏந்தி வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்துக்குள் நடந்தார். குதிரை இல்லை, கவசம் இல்லை, கையுறை இல்லை. விண்ணப்பத்தின் அடிப்படை மட்டும் 1377-இல் ஜான் டிமோக் முன்வைத்ததேதான்: ஸ்கிரிவெல்ஸ்பி மேனர் எங்களிடம் இருக்கிறது.